ஊமை ஊரைக் கெடுத்ததை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

நண்பர்களே, இது நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை சார்" என்று போட வேண்டாம். மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிற ஒரு வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு ஃபார்வர்டு வந்தது. யாரோடும் பேசாமல், அறைக்குள் போனும் கையுமாக இருக்கிற பையன்களைக் கண்காணிக்க வேண்டுமாம். இவர்கள்தான் பின்னாளில் சைக்கோ ஆகிறார்களாம். அதற்கு ஏதோ பேய் விளையாட்டுகள்தான் காரணமாம். கீழே வரிசையாகக் கும்பிடு. ஒருவர் "ஊமை ஊரைக் கெடுக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று முத்தாய்ப்பும் வைத்திருந்தார்.

அத்தனை பேரும் முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவர்கள். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. விவரம் தெரியாதவர் சொன்னால் விட்டுவிடலாம். வகுப்பறையில் நின்றவர்கள் இதைச் சொல்லலாமா?

நான் கணக்கு வாத்தியார். 34 வருடம் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் நின்றவன். (அப்போது இது திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தானே.) எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் வாய் திறக்காது. விடை தெரியும், நோட்டில் சரியாகப் போட்டிருக்கும், கேட்டால் எழுந்து நிற்கும், உதடு அசையும், சத்தம் வராது. கழுத்தில் நரம்பு துடிக்கும், உள்ளங்கை வேர்க்கும். இதற்கு நாம் வைத்த பெயர்கள் என்ன? அமுக்கினி. உம்மணாமூஞ்சி. ஊமைக்கோட்டான். "ஏம்லே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

மருத்துவத்தில் இதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது. சமூகப் பதற்றம். அளவுக்கு மீறிப் போனால் சமூகப் பதற்றக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980லேயே தனி நோயாக இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலும் பதின்வயதின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும், அதாவது ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பில், நம் கண் முன்னால். கூச்சம் எல்லாருக்கும் உண்டு, பழகப் பழகக் குறையும். இது அப்படி இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள், தப்பாக நினைப்பார்கள், சிரிப்பார்கள் என்ற பயம் ஆளையே கட்டிப் போட்டுவிடும். டவுன் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கப் பயம். ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்டால் பயம். கல்யாண வீட்டுப் பந்தியில் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்கப் பயம். பயப்படுகிற ஆள் என்ன செய்வான்? ஒதுங்குவான். அடுத்தவர் கழுத்தை நெரிக்க மாட்டான். அவன் பயமே அடுத்தவர்தான்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த சைக்கோ கதை? அந்தப் பேய் விளையாட்டுக்கு முன்னால் நம் சினிமாவைப் பாருங்கள்.

2003இல் 'காதல் கொண்டேன்'. வினோத் என்ற அநாதைப் பையன். படிப்பில் கெட்டி, யாரோடும் பேசத் தெரியாதவன். ஒரு பெண் தோழமையாகப் பேசிவிட்டாள் என்பதற்காகக் கடைசியில் கொலை வரை போகிறான். 2005இல் 'அந்நியன்'. அம்பி என்ற பயந்த சுபாவம் உள்ள வக்கீல். பேச முடியாதவனுக்குள்ளிருந்து கருட புராணத்துத் தண்டனைகளோடு ஒரு கொலைகாரன் வருகிறான். 2018இல் 'ராட்சசன்'. நோயால் உருவம் மாறி, வகுப்பில் கேலிக்கு ஆளான சிறுவன் தொடர் கொலைகாரன் ஆகிறான். 2020இல் 'சைக்கோ'. பள்ளியில் கொடுந்தண்டனை அனுபவித்த பையன் வளர்ந்து தலைகளை வெட்டுகிறான்.

நாலும் நன்றாக எடுத்த படங்கள் என்று சொல்வார்கள். இருக்கட்டும். 17 வருடமாக ஒரே சூத்திரம்: ஒதுங்கிய பையன் + அவமானம் = கொலைகாரன். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், இந்தச் சமன்பாடு தப்பு. அவமானப்பட்ட லட்சக்கணக்கான பிள்ளைகள் நம் பள்ளிகளிலிருந்து வெளியே போயிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் கத்தி எடுத்திருந்தால் ஊரில் ஆள் மிஞ்சியிருக்காது.

"அந்தப் படங்கள் அவர்கள் மேல் இரக்கம் வரத்தானே எடுத்தது" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வினோத்தின் பிள்ளைப் பருவக் கொடுமையைப் பார்த்து அரங்கில் அழுதவர்கள் உண்டு. ஆனால் அந்த இரக்கம் எப்போது கிடைக்கிறது என்று பாருங்கள். அவன் கொலை செய்த பிறகு, அல்லது சாகிற நேரத்தில். வகுப்பில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு இரக்கம் இல்லை. அப்போது அவன் வெறும் நகைச்சுவை. பேசாதவனை முதலில் பார்த்துச் சிரி, பிறகு பார்த்துப் பயப்படு, செத்த பிறகு அழு. இதைத்தான் அந்தப் படங்கள் பழக்கிவிடுகின்றன.

இந்தப் பயம் சினிமாவோடு நிற்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். சங்கிலி போட்டது யார்? மனநோய் என்றாலே ஆபத்து என்ற நம் எண்ணம்தான். அது நடந்து இரண்டு வருடம் முடிவதற்குள் அடுத்த பயங்கர மனநோயாளியைத் திரையில் காட்டினோம், கைதட்டினோம்.

இனி அந்த 'பேய் விளையாட்டு'க்கு வருகிறேன். திட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுவோம் என்று கல்லூரியில் படிக்கிற பேத்தியிடம் கேட்டேன். "தாத்தா, இது விளையாட்டுன்னு பேருதான். வாசிக்கணும்" என்று மடிக்கணினியில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். விஷுவல் நாவல் என்கிறார்கள். படம் இருக்கும், கீழே எழுத்து ஓடும், இடையிடையே இதைச் சொல்லவா அதைச் சொல்லவா என்று நம்மைக் கேட்கும். படக்கதைப் புத்தகம் நம்மிடம் திரும்பிக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அதன் பெயர் 'மில்க் இன்சைட் எ பேக் ஆஃப் மில்க் இன்சைட் எ பேக் ஆஃப் மில்க்'. நிகிதா கிரியுகோவ் என்ற ரஷ்ய இளைஞர் செய்து 2020இல் வெளியிட்டது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதை என்ன தெரியுமா? ஒரு பெண் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான். பேய் இல்லை, கொலை இல்லை. திரை முழுக்க இருட்டும் சிவப்பும். மனிதர்கள் அவள் கண்ணுக்கு உருத்திரிந்து தெரிகிறார்கள். கடைக்காரரிடம் ஒரு வாக்கியம் பேசுவது மலை ஏறுவது போல இருக்கிறது. திகில் அதில்தான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். வாசிக்கிற நாம் அந்தக் கதையில் யார்? அவள் மனசுக்குள் பேசுகிற குரல். "பரவாயில்லை, போ" என்றும் சொல்லலாம். "உனக்கு இதுகூட முடியாதா" என்றும் சொல்லலாம். நம் சினிமா பேசாதவனை வெளியே நின்று பார்த்து நம்மைப் பயமுறுத்துகிறது. இந்தச் சின்ன விளையாட்டு நம்மை அவளுக்குள் உட்கார வைத்து, அவளுடைய பயத்தை நம் கையில் தருகிறது. யாரால் பயம் என்ற கேள்வியே தலைகீழாக மாறிவிடுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கனமான விஷயம், மனசு ஏற்கெனவே துவண்டிருக்கிறவர்களுக்கும் ஆகாது. 2017இல் வந்த 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' என்ற இன்னொன்று, குழந்தைகளுக்கு உரியதல்ல என்று ஆரம்பத்திலேயே எச்சரித்துவிடுகிறது. பெற்றோர் அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும். ஆனால் பிள்ளை ஒதுங்கிப் போனதற்கு விளையாட்டுதான் காரணம் என்று அதன் மேல் பழியைப் போட்டுவிட்டால் நம் சோலி முடிந்தது, நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் இப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் ஓடுகின்றன. போன் வருவதற்கு முன்பும் பேசாத பிள்ளைகள் இருந்தார்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்போது கரண்டே கிடையாது.

"உனக்கு இதுகூட முடியாதா" என்ற குரல் ஒரு பிள்ளையின் தலைக்குள் யார் வைத்தது? வருகைப்பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சத்தமாக வரவில்லை என்று ஐந்து முறை சொல்ல வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணை உரக்க வாசித்துச் சிரிக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பேச மாட்டாள் என்பதற்காகவே ஒரு பிள்ளையை மைக் முன்னால் நிறுத்தி "பயம் தெளியட்டும்" என்றதையும் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் கண்டிப்பு என்று நினைத்தோம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. பிரம்பை எடுத்து வைத்த பலர் நாக்கை எடுத்து வைக்கவில்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாது. பிளஸ் ஒன்னில் ஒரு வகுப்பில் அவன் திக்கியதை ஒருவர் நடித்துக் காட்டினார், அறுபது பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் நின்றான், வரவே இல்லை. பல வருடம் கழித்துத் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கேரளாவில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. "ராத்திரி வேலை சார். யாருட்டயும் பேச வேண்டாம்லா, அதான் பிடிச்சிருக்கு" என்றான். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருக்கிறான், அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிறான்.

இந்த ஊமை எந்த ஊரைக் கெடுத்தான்? ஊர்தான் ஒரு இன்ஜினியரையோ ஒரு கணக்கு வாத்தியாரையோ இழந்தது.

நம் பக்கத்து வைத்தியம் ஒன்று உண்டு. "குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி அருவியில தலையக் குடு, பித்தம் தெளிஞ்சிரும்." சாரல் காலத்தில் ஐந்தருவியில் நிற்கிற சுகம் எனக்கும் தெரியும். உடம்பு லேசாகும், மனசும் கொஞ்சம் லேசாகும். ஆனால் ஆள் கூட்டத்துக்கே பயப்படுகிற பிள்ளையைச் சீசன் நேரத்தில், ஆயிரம் பேர் இடித்துத் தள்ளுகிற பேரருவிக் கூட்டத்துக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது வைத்தியம் ஆகாது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி "பழகிக்கோ" என்கிற மாதிரிதான். குளிக்கட்டும், விரும்பிய நேரத்தில், விரும்பிய அருவியில். சிகிச்சை வேறு.

சிகிச்சை இருக்கிறது. பேச்சு வழியாகத் தருகிற சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து. அதில் ஒரு பகுதி நம் வீட்டிலேயே புரிந்துகொள்ளக்கூடியது: சின்னப் படிகள். முதல் வாரம் கூடவே கடைக்கு வரட்டும், சும்மா நிற்கட்டும். அடுத்து காசை அவனே கொடுக்கட்டும். பிறகு "அரை லிட்டர் பால்" என்று அவனே கேட்கட்டும். கேட்டதும் "பாத்தியா, பேசிட்டானே" என்று கடையில் ஊர்வலம் நடத்தாதீர்கள். எல்லாவற்றையும் அவனுக்காக நீங்களே பேசிவிடவும் வேண்டாம், பிடரியைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம். இரண்டும் பயத்தைத்தான் வளர்க்கும்.

2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. ஏன் வருவார்கள்? வந்தால் "சைக்கோ" என்று ஃபார்வர்டு போடக் காத்திருக்கிறோமே. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம். பேசவே பயப்படுகிற பிள்ளைக்காகப் பெற்றோரோ ஆசிரியரோ முதல் அழைப்பைச் செய்யலாம்.

பணியில் இருக்கிற ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பேசாத பிள்ளைக்கு விடையை எழுதிக் காட்ட இடம் கொடுங்கள். பக்கத்தில் இருக்கிறவனோடு முதலில் பேச விடுங்கள். மற்ற பிள்ளைகள் சிரித்தால் சிரிப்பை நிறுத்துங்கள், பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

அந்தக் குழுவில் இருக்கிற என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. அந்த ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். உங்கள் பேரன்களில் ஒருவன் பேசாதவனாக இருக்கலாம், அவனும் அதை வாசிக்கலாம். பழமொழி பெரியவர்கள் சொன்னதுதான். நாமும் இப்போது பெரியவர்கள்தான், திருத்திச் சொல்ல நமக்கும் உரிமை உண்டு.

பகிர விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்காமலே பகிரலாம்.