கன்சோலுக்கு அவசரப்பட்டு எழுதும் இரங்கற்பா

கன்சோலின் காலம் முடிந்துவிட்டது, இனி கேம் என்றால் பிசிதான் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. கல்லூரி விடுதிகளில், யூடியூப் காணொளிகளில், சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு விலை விசாரிக்கும் இளைஞர்களிடத்தில் இது முடிந்துபோன தீர்ப்பாகவே சொல்லப்படுகிறது. சொல்பவர் குரலில் வருத்தம் இல்லை. எதிராளி விழுந்துவிட்டான் என்ற களிப்பு இருக்கிறது. தீர்ப்பு தவறு. களிப்பு அதைவிடப் பெரிய தவறு.

அவர்கள் காட்டும் சான்றுகளைத் தட்டிக்கழிக்க முடியாது. எக்ஸ்பாக்ஸின் அடையாளமாக இருந்த ஃபோர்சா வரிசையில் ஒரு கேம், ஃபோர்சா ஹொரைசன் 5, 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டது. சோனி தன் வீட்டுப் பெருமையான ஹொரைசன் ஜீரோ டானை 2020இலும், காட் ஆஃப் வாரை 2022இலும் கணினிக்குத் தந்தது. விலையும் தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்து, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. 2020இல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்தாவது ஆண்டில் விலை குறைவதற்குப் பதில் 50 டாலர் ஏறியது. இன்னொரு பக்கம், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரே நேரத்தில் இணைந்திருப்பவர் எண்ணிக்கை 2025இல் 4 கோடியைத் தொட்டது. இவ்வளவும் உண்மை.

ஆனால் இந்தத் தீர்ப்பை உலகம் முன்பும் கேட்டிருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் சரிந்தது. அட்டாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் புதைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகள் இருக்கும்போது, விளையாட மட்டுமே ஒரு பெட்டியை யார் வாங்குவார்கள் என்றார்கள். 1985இன் கடைசியில் நிண்டெண்டோ நியூயார்க் கடைகளில் தன் பெட்டியை வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

2000களின் பிற்பகுதியில் தீர்ப்பு திரும்பியது. திருட்டுப் பிரதிகள் பெருகிவிட்டன, கணினி கேம் செத்தது என்றார்கள். கியர்ஸ் ஆஃப் வாரின் முதல் பாகம் கணினிக்கு வந்தது. 2008இல் வெளியான இரண்டாம் பாகம் வரவே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு ஸ்வீடனில் ஒரு நிரலாளர் தனியாளாக எழுதிக் கணினியில் வெளியிட்ட மைன்கிராஃப்டை, 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கவுண்டர்-ஸ்ட்ரைக், டோட்டா இரண்டுமே பிறர் செய்த கேமைப் பிரித்து விளையாட்டுப் பிரியர்கள் மாற்றியமைத்ததில் பிறந்தவை. எவரும் திறந்து கைவைக்கலாம் என்ற அந்தச் சுதந்திரம்தான் கணினியைக் காப்பாற்றியது.

எந்த இயந்திரம் வலிமையானதோ அது வெல்லும் என்பதுதான் இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் அடியில் கிடக்கும் நம்பிக்கை. அது தவறு என்பதற்குச் சீனாவைப் பாருங்கள். இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லி 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு கன்சோல்களைத் தயாரித்து விற்கத் தடை போட்டது. தடை முழுமையாக நீங்கியது 2015இல். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறையே இணையக் கடைகளில் கணினி முன் உட்கார்ந்து விளையாடி வளர்ந்தது. கணினி அங்கே போட்டியில் வென்றதாகச் சொல்ல முடியுமா? போட்டியாளரையே உள்ளே விடவில்லை. தென்கொரியாவில் ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள் இறக்குமதிக்கு 1998 வரை இறுக்கமான கட்டுப்பாடு இருந்தது. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு முளைத்த பிசி பாங் என்ற கணினி விளையாட்டுக் கடைகளுக்கு, 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் தீனியானது. சட்டமும் வேலையின்மையும் அகலக்கற்றை இணையமும் சேர்ந்து செய்த வேலை அது.

நம் ஊரிலும் கதை வேறில்லை. தொண்ணூறுகளில் இங்கே பல வீடுகளில் இருந்த டிவி கேம் பெட்டிகள் நிண்டெண்டோவின் நகல்கள். பின்னர் வைஸ் சிட்டியும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் பிரவுசிங் சென்டர்களில் ஓடின. படிப்புக்கு என்று சொல்லி அப்பாவிடம் கணினி கேட்க முடிந்தது. கன்சோலுக்கு அப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் எத்தனை பிள்ளைகள் முதன்முதலாகக் கேம் ஆடினார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். கன்சோலைவிடக் கணினி சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து இங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

கன்சோல் விழுந்தால் தங்களுக்கு என்ன நட்டம் என்று நினைக்கும் பிசிக்காரர்களிடம்தான் நான் முக்கியமாகப் பேச வேண்டும். பிளேஸ்டேஷன் 5ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே கணினிதான்: ஏஎம்டியின் செயலி, ஏஎம்டியின் கிராபிக்ஸ், 16 ஜிபி நினைவகம். பிளேஸ்டேஷன் 5 மட்டும் 8 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. பெரும்பொருள் செலவிட்டுக் கேம் எடுப்பவர் அந்த 8 கோடிப் பேரை விட்டுவிட முடியாது. அதனால் 2020இல் நிர்ணயித்த அந்த வலிமைக்குள் தன் கேமை அடக்கியே ஆக வேண்டும். அப்படி அடக்கியதால்தான் ஐந்து வருடப் பழைய கிராபிக்ஸ் கார்டிலும் அது ஓடுகிறது. நடுத்தரக் குடும்பத்துப் பையனின் கணினி வருடாவருடம் காலாவதி ஆகாமல் காப்பது கன்சோல்தான்.

வாலரன்ட் போன்ற இலவச கேம்கள் எளிய கணினியிலும் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். ஓடுகின்றன. அவற்றின் வருமானம் ஆட்கள் கூடுவதில் இருக்கிறது. ஆகவே வாசலை அகலமாக வைக்கிறார்கள். முழு விலை கொடுத்து வாங்கும் பெரிய கதை கேம்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கன்சோல் என்ற தளம் இல்லாவிட்டால் அவை கேட்கும் கணினி வலிமையைக் கட்டிவைக்க எதுவும் மிஞ்சாது. என்விடியாவின் உச்சக் கார்டு 2022இல் 1,599 டாலர். 2025இல் அடுத்தது 1,999 டாலர். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு விற்பதில் கொழுத்த லாபம் இருப்பதால், மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் குரூஷியல் வணிகத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உதிரிபாகம் செய்பவர்களின் வரிசையில் வீட்டில் கேம் ஆடுபவர் கடைசிக்குப் போய்விட்டார். இந்த நிலையில், மொத்தமாகப் பேரம் பேசி மலிவாகப் பெட்டி தரக்கூடிய ஓரிரு நிறுவனங்களும் ஒழியட்டும் என்று கைதட்டுவது எனக்குப் புரியவில்லை.

கன்சோல் ஒரு பூட்டிய பெட்டி என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கமாட்டேன். பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்றார்கள். அமெரிக்க விமானப்படை 1,700க்கும் மேற்பட்ட பெட்டிகளை இணைத்து ஒரு மீக்கணினியே கட்டியது. 2010 ஏப்ரலில் ஒரே ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் சோனி அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குள் இருந்த பொருளின் மேல் நடந்த அத்துமீறல் அது. இணையத்தில் நண்பருடன் விளையாடச் சந்தா கேட்பதும் அநியாயம்தான்.

ஆனால் கணினி திறந்தே கிடக்கிறதா? 2004இல் ஹாஃப்-லைஃப் 2ஐக் கடையில் டிஸ்க்காக வாங்கியவரும் ஸ்டீம் கணக்குத் திறந்தால்தான் ஆட முடிந்தது. பூட்டு அன்றைக்கே வந்துவிட்டது. இன்று கணினிக்கு டிஸ்க் என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. ஆடி முடித்த கேமைத் தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுப்பது, பாதி விலைக்கு விற்று அடுத்ததை வாங்குவது எல்லாம் கன்சோல்காரரிடம்தான் மிச்சமிருக்கிறது. அதையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். 700 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் போடும் வசதியைத் தனியாக வாங்க வேண்டும். நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்ற அறிவிப்பை 2024 அக்டோபரில் ஸ்டீமே தன் கடையில் வைத்தது. கன்சோல் ஒழிந்தால் எல்லாப் பொருளும் இந்த ஒரு கடைக்குள் போய்ச் சேரும். அந்தக் கடை இன்று நல்ல மனிதர் கையில் இருக்கிறது என்பது உத்தரவாதம் ஆகாது.

யூபிசாஃப்டின் தி க்ரூ 2014இல் கணினிக்கும் கன்சோல்களுக்கும் சேர்ந்தே வெளிவந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்று செய்திருந்ததால், டிஸ்க் வைத்திருந்தவருக்கும் ஸ்டீமில் வாங்கியவருக்கும் அதே நாளில் கேம் போனது. விற்ற கேமை நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல் என்ற கோரிக்கை அதிலிருந்து எழுந்தது; 2025 ஜூலையில் அதற்கான ஐரோப்பிய மனு ஒன்று 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கையெழுத்துப் போட்டவர்களிடம் எந்தப் பெட்டியில் ஆடினாய் என்று யாரும் கேட்கவில்லை. இந்திய வாங்குபவருக்கும் இதே உரிமை வேண்டும். இங்கே இன்னும் அப்படி ஒரு மனு எழுதப்படவில்லை என்றால், அதை எழுத வேண்டியவர்கள் ரிச்சி தெருவில் கன்சோலுக்குக் கருமாதி நடத்திக்கொண்டிருக்கும் அந்த இளைஞர்கள்தான்.