கண்காட்சி பிள்ளைகளுடையது, போஸ்டர் மட்டும் யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

ஓவிய மாணவர்கள் நடத்தும் கண்காட்சிக்கு அந்த மாணவர்களில் ஒருவர்தான் போஸ்டர் வரைய வேண்டும். முப்பது வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், இதில் மறுபேச்சே கிடையாது.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. ஓவியக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டுப் பிள்ளைகள் 11 பேர் சேர்ந்து வைக்கும் கண்காட்சி. மேலே ஒன்பது பெரியவர்களின் முகங்கள், வட்டம் வட்டமாக. நடுவில் ஏஐ செய்து கொடுத்த படம்: கோபுரம், மயில், சிக்குக் கோலம் போடும் பெண். கோலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இழை ஒரு புள்ளியையும் ஒழுங்காகச் சுற்றவில்லை. எங்கோ தொடங்கி எங்கோ காணாமல் போகிறது. நம் தெருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். சரி, அந்த 11 மாணவர்களின் பெயர்? ஒன்றுகூட இல்லை. கீழே பொடி எழுத்தில் "மற்றும் மாணவ மாணவியர்".

அந்த 11 பேரில் ஒருத்தி நம் உறவுக்காரப் பெண். அவள் ஒரு போஸ்டர் வரைந்து கொடுத்திருக்கிறாள். எனக்கும் அனுப்பினாள். டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் 11, வரிசையாக. ஒவ்வொன்றிலும் தூரிகை கழுவிய தண்ணீர். ஒன்றில் கலங்கிய நீலம், ஒன்றில் செம்மண் நிறம், ஒன்றில் கரி கரைந்த சாம்பல். ஒவ்வொரு கிளாஸுக்குக் கீழேயும் ஒரு பெயர்.

பலர் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்குப் போஸ்டர் வரைவதில் பெரிய சிக்கலே இதுதான். ஒருவர் ஓவியத்தை மட்டும் போட்டால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல். எல்லாருடையதையும் போட்டால் தபால்தலை அளவுக்குச் சுருங்கி, பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பெண் யாருடைய ஓவியத்தையும் போடாமல் எல்லாரையும் கொண்டுவந்துவிட்டாள். "அழுக்குத் தண்ணியையா போஸ்டர்ல போடுவாங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

நேரமில்லை என்பார்கள். கண்காட்சித் தேதி நேற்றா முடிவானது? மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த வீட்டில் பத்திரிகை அடிக்க நேரமில்லை என்று யாராவது சொல்வார்களா?

ஏஐயும் கேமரா மாதிரி ஒரு கருவிதானே என்பார்கள். கம்ப்யூட்டருக்கு நான் எதிரி இல்லை. டேப்லெட்டில் வரையட்டும், தாராளமாக. ஆனால் வரையட்டும். செல்போனில் மின்னுகிற பச்சை அச்சில் மங்கிப்போவது, தேதிக்கும் இடத்துக்கும் முதலிலேயே இடம் ஒதுக்குவது, எந்த எழுத்து தெருவில் நின்றால் தெரியும் என்பது, இதெல்லாம் ஒரு போஸ்டரை வரைந்து, அச்சடித்து, சுவரில் ஒட்டிப் பார்த்தால்தான் புரியும். சமையல் கற்றுக்கொடுக்கும் கல்லூரி தன் ஆண்டு விழாவுக்கு ஓட்டலில் பார்சல் வாங்கினால் சிரிக்க மாட்டோமா?

சிறப்பு விருந்தினர் வருத்தப்படுவார் என்பார்கள். அவர் பெயரை அழைப்பிதழில் போடுங்கள், மேடையில் மாலை போடுங்கள். தன் முகம் இல்லை என்று கோபப்படுகிறவர் ஓவியம் பார்க்க வருகிறவர் அல்ல.

1923இல் ஜெர்மனியின் வைமர் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. காண்டின்ஸ்கி, பால் க்ளே போன்ற மேதைகள் அங்கே ஆசிரியர்கள். ஆனால் இன்று உலகமே அடையாளம் காணும் அந்தப் போஸ்டரை, சிவப்பும் கறுப்புமாக, சாய்ந்த வட்டமும் பட்டைகளுமாக வரைந்தவர் யோஸ்ட் ஷ்மிட் என்ற மாணவர். அதே கண்காட்சிக்கு அச்சான விளம்பர அஞ்சலட்டைகளை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே வரைந்தார்கள். ஷ்மிட் பின்னாளில் அங்கேயே ஆசிரியரானார். மாணவனை நம்பினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் ஊரில் கையால் சினிமா பேனர் எழுதியவர்கள் ஃபிளெக்ஸ் வந்ததும் வேலையிழந்தார்கள். அதைச் செய்தது சந்தை. இன்று படம் வரையக் கற்றுக்கொடுக்கிற இடமே தன் பிள்ளைகளுக்கு அதைச் செய்கிறது. நாளைக்கு வேலை கேட்டுப் போகும் பிள்ளை, "இது நான் வரைந்தது, ஊர்ச் சுவரில் ஒட்டினார்கள்" என்று காட்ட ஒரு தாள் இருந்தால் அது எவ்வளவு பெரிய பலம்!

மாணவர் வரைந்தால் எழுத்து கொஞ்சம் கோணலாக வரலாம், நிறம் ஒன்று பிசகலாம். வரட்டுமே. அவர்கள் கை எங்கே வந்து நிற்கிறது என்று காட்டத்தானே கண்காட்சி?

உங்களில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், அச்சகம் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது மூன்றுதான். போஸ்டருக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வரைந்தவருக்கு ஐந்நூறு ரூபாயாவது கையில் கொடுங்கள். கீழே ஒரு ஓரத்தில் வரைந்தவர் பெயரையும், நடுவில் கலந்துகொள்ளும் எல்லார் பெயரையும் போடுங்கள்.

முடியாது என்கிறவர்கள் காரணத்தைக் கமெண்டில் எழுதுங்கள். ஓய்வுபெற்றவன், பதில் எழுத எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டிராயிங் வாத்தியார்