களஞ்சியமும் ஓர் அபாயக் காரணி

தரங்குன்றிய இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2 ஆம் திகதி கைதானதை அடுத்து, குய்லன்-பாரே நோயாளருக்கு அம்மருந்தை நம்பி ஏற்றிவந்த நம்மவர் பலர், இவ்விதழின் நிலைப்பாடு யாதென வினவுகின்றனர். குற்றம் யாருடையது என்பதை நியாயஸ்தலம் தீர்மானிக்கட்டும். நாம் சொல்ல வேண்டியது அவ்வழக்கின் எல்லைக்குள் அகப்படாத வேறொன்று: வாங்கிய பொருள் கிடக்கும் களஞ்சியம்.

மூளை, முண்ணாண் சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் தொற்றின் அபாயக் காரணிகள் நமக்கு மனப்பாடம். 1997 இல் பிரசுரமான கொரினெக்கின் பிரெஞ்சு ஆய்வு, 2944 நோயாளருள் நூற்றுக்கு நால்வருக்குத் தொற்றைக் கண்டு, மூளைய முண்ணாண் பாய்பொருட் கசிவையும் மறுசத்திரசிகிச்சையையும் முதன்மைக் காரணிகளாக நிறுத்தியது. அவசர சத்திரசிகிச்சை, நான்கு மணித்தியாலத்தை மிஞ்சும் வேலை ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. இவையாவும் நோயாளியின் உடலையும் நமது கைகளையும் விசாரிப்பவை. குழாயும் ஊசியும் நம்மிடம் வந்து சேருமுன் எங்கே கிடந்தன என்று எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு 2005 ஆம் வருஷமே சாட்சி. சுனாமிக்குப் பிந்திய அவ்வருஷத்தின் நடுப்பகுதியில், கொழும்பின் இரு வைத்தியசாலைகளில், சிசேரியனுக்காக முள்ளந்தண்டில் விறைப்பூசி பெற்ற ஆரோக்கியமான ஐந்து பெண்களுக்கு அஸ்பேர்ஜில்லஸ் மூளைச்சவ்வழற்சி கண்டு மூவர் மாண்டனர். ஈரங்கசிந்த களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த, பாவிக்கப்படாத சிரிஞ்சு ஒன்றிலிருந்தே அப்பங்கசு வளர்ந்தது.

அதன்பின் என்ன கற்றோம்? வாவியோரத்து வைத்தியசாலையொன்றின் களஞ்சியத்தில், கார்த்திகை மழை ஓயாத ஒரு கிழமையில், அடித்தட்டுப் பெட்டி ஊறித் தளர்ந்திருக்க, உள்ளேயிருந்த வடிகுழாய் உறையின் காகிதப் புறத்தில் நீர்க்கறை வளையமிட்டுக் காய்ந்திருந்ததை நாம் கண்டோம். ஒட்டு பிரியவில்லை, காலாவதிக்கு இரண்டு வருஷம் கிடந்தது, ஆகவே படிவத்தின்படி அது கிருமியற்ற பொருளே. நனைந்த காகிதம் கிருமியைத் தடுக்காது என்பதைத் தாதிய மாணவியரும் அறிவர். எனினும் படிவத்தில் திகதிக்கு நிரல் உண்டு, ஈரத்துக்கு இல்லை. ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்று கேட்டு எழுதினால், போதனா வைத்தியசாலையாயின் மத்திய அமைச்சுக்கும் ஆதார வைத்தியசாலையாயின் மாகாணத்துக்கும் எழுதுக என்று பதில் வரும். அவ்வாறே எழுதினால் ஒதுக்கீடு இல்லையென்று வரும். இம்மாரியை ஒருநாளும் நனைந்தறியாத உத்தியோகஸ்தரோ, தொற்று வீதம் கூடிவிட்டால் மாத்திரம், கை கழுவினீர்களா என்று நம்மைக் கேட்டுச் சுற்றுநிருபம் அனுப்பத் தவறார். (கழுவினோம். கழுவிக்கொண்டுதான் இருக்கிறோம்.)

வெள்ளி பூசிய ஷன்ட் குழாயால் பயனில்லை, நுண்ணுயிரெதிரி தோய்த்ததே தொற்றைக் குறைக்கும் என்று 2019 இல் வெளியான பேசிக்ஸ் பரிசோதனையை மேற்கோள் காட்டி, விலையேறிய குழாயைக் கேட்பதும் நியாயமே. ஆயினும் அக்குழாயும் அதே அடித்தட்டிலேதான் வந்து இறங்கும்.

ஆதலின், ஷன்ட்டோ வெளிவடிகுழாயோ வைக்குந்தோறும் தொகுதி இலக்கத்தையும், களஞ்சியத்திலிருந்து அது வெளிவந்த திகதியையும், உறையின் நிலையையும் சத்திரசிகிச்சைக் குறிப்பிலேயே பதியுமாறு வாசகரை வேண்டுகிறோம். மண்டூரிலிருந்து படகுப் பாதையேறி வாவி கடந்து, பத்தாம் நாள் காய்ச்சலும் தலையிடியுமாய் மீள வரும் நோயாளியின் பாய்பொருளில் இரண்டு நாளாகியும் பக்டீரியா எதுவும் வளரவில்லையெனில், மருந்தை மாற்றுமுன் பங்கசு வளர்ப்புக்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள். அதே தொகுதியில் மிஞ்சியவற்றைத் தனியே பூட்டி வையுங்கள்.