பின்வரிசை கிடையாது

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டு கிலோமீட்டரில் ஒரு நடைபாதை. முழுக்க நடந்து முடித்தால் பத்தாயிரம் அடி தேறும் என்பது கணக்கு. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தம்மம்பட்டியில் ஐம்பதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி பொழுது சாயும் நேரத்தில் கையை வீசிக்கொண்டு தனியாக நடந்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முதல் முக்கிலேயே ஒருவர் வண்டியை நிறுத்தி, "எங்கம்மா போகணும், ஏறிக்கங்க, விட்டுடறேன்" என்பார். சும்மாதான் நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார். அடுத்த முக்கில் தெரிந்த அத்தை ஒருவர் குரலைத் தாழ்த்தி, "வூட்டுல ஏதும் சண்டையா கண்ணு?" என்று கேட்பார். மூன்றாம் நாள் சர்க்கரை முற்றிவிட்டதாக ஊருக்குள் செய்தி போய்விடும்.

இதையெல்லாம் மீறி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. என்னால் முடியவில்லை. நடை எனக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். நான் வராவிட்டால் ரோடு ஒன்றும் தேடப்போவதில்லை.

எங்கள் தெருப் பெண்கள் சிலர் இப்போது சாயங்காலமானால் கும்மி பழகுகிறோம். பேருக்கு வள்ளி கும்மி. அடவில் பாதி ஒயில். நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்து சொல்லிக்கொடுக்கிறார். என் மகன் வயசுதான் இருக்கும், ஆனாலும் எல்லாருக்கும் அவர் வாத்தியார், அவருக்கு நாங்கள் எல்லாரும் அக்கா. அவர் வராத நாளில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஜமாப் மேளம் ஓடும், நாங்களாகவே ஆடுவோம். வருகிறவர்களில் ஒருத்தர் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறார், ஒருத்தர் தையல், ரெண்டு பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். மரச்சிற்பத் தொழில் நடக்கிற வீடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

அடவு கேட்பதற்குச் சுலபம். வலது காலை முன்னால் வை, இடது காலைக் கொண்டுவந்து சேர், குனிந்து முழங்காலுக்கு நேராக ஒரு தட்டு, நிமிர்ந்து நெஞ்சுக்கு நேராக ஒரு தட்டு, ஓர் அடி பின்னால், அப்படியே இடப்பக்கம் திரும்பு. வாயால் சொன்னால் அரை நிமிஷம் ஆகாது. காலுக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் நாளாகிறது. எல்லாரும் இடப்பக்கம் திரும்ப, ஒருத்தர் மட்டும் வலப்பக்கம் திரும்பினால் ரெண்டு முகமும் மூக்குக்கு மூக்கு வந்து நிற்கும். அங்கே ஆட்டம் நின்றுபோகும், சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம். "அக்கா, பக்கத்துல இருக்கறவங்க கையப் பாக்காதீங்க, காலப் பாருங்க" என்று வாத்தியார் தொண்டை வறளக் கத்துவார்.

மேல்நாட்டில் இந்த மாதிரி ஆட்டத்துக்கு லைன் டான்ஸ் என்று பேர். அமெரிக்காவின் நாட்டுப்புற இசை விடுதிகளில் வளர்ந்தது. 1992-இல் பில்லி ரே சைரஸ் பாடிய 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' என்ற பாட்டோடு உலகமெங்கும் பரவியது. ஜோடி தேவையில்லை. வரிசை வரிசையாக நின்று எல்லாரும் ஒரே அடவைப் போடுவார்கள். பெரும்பாலும் முப்பத்திரண்டு எண்ணிக்கையில் ஓர் ஆட்டம் முடியும். முடிந்ததும் கால்வட்டம் திரும்பி, அடுத்த சுவரைப் பார்த்து அதையே முதலிலிருந்து ஆட வேண்டும். இப்படி நாலு சுவரையும் பார்த்தால் ஒரு சுற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் கூட்டம் கூட்டமாக இதை ஆடுகிறார்கள். சிங்கப்பூரில் சமூக மன்றங்களிலேயே வகுப்பு உண்டு. சீனாவில் இதற்கு அண்ணன் முறையான சதுக்க நடனத்தை நடுத்தர வயதுப் பெண்கள் பூங்கா பூங்காவாக ஆடி, பாட்டுச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வர, 2015-இல் அரசே பன்னிரண்டு ஆட்டங்களை வகுத்துக் கொடுத்தது. ஆட்டத்துக்கும் அரசாணை!

லைன் டான்ஸில் எனக்குப் பிடித்த சூட்சுமம் அந்தத் திருப்பம்தான். கூச்சப்பட்டுப் பின்வரிசைக்குப் போய் ஒளிந்துகொண்டவர், எல்லாரும் பின்பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியதும் முன்வரிசையில் நிற்பார். அதனால் விவரம் தெரிந்த ஆசிரியர்கள் புதிதாக வருகிறவரை நடுவில் நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட முன்னால் ஒரு முதுகு இருக்கும். எங்கள் கும்மி வட்டமாகச் சுற்றுவதால் அதில் பின்வரிசை என்பதே கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாண வீடு வரைக்கும் பின்னால் நின்றே பழகிய பெண்களுக்கு இது முதலில் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பிறகு விட மனசு வருவதில்லை.

லைன் டான்ஸ் ஆட ஆசைப்படுகிற தமிழர் கவ்பாய் தொப்பி வாங்க வேண்டியதில்லை. ஒயிலாட்டம் அதே சங்கதிதான். வரிசை கட்டி நின்று, கையில் துணியை வீசி, மெல்ல ஆரம்பித்து மேளம் ஏற ஏற வேகம் பிடிக்கிற ஆட்டம். கொங்கு நாட்டில் காலில் கனத்த சலங்கை கட்டி ஆண்கள் வரிசையாக ஆடுகிற பெருஞ்சலங்கை ஆட்டமும் உண்டு. வள்ளி முருகன் கதையை வாத்தியார் பாட்டாகச் சொல்ல, கூட்டம் அதற்கு அடி வைப்பது வள்ளி ஒயில் கும்மி. இன்றைக்குக் கோயமுத்தூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் கும்மி மேடை ஏறுவதைப் பார்ப்பவர்கள் இது ஆதியிலிருந்தே பெண்கள் ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் வள்ளி ஒயில் கும்மி பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. அந்த வழக்கத்தை விட்டு விலகிப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மேட்டுப்பாளையம் பக்கம் தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்ரப்பன். 2024-இல் எண்பத்தேழாவது வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த வயதிலும் கால் தாளம் தப்பாத ஒருவரைக் காட்டிவிட்டால் போதும், ஆட்டத்தின் ஆரோக்கியப் பலனைப் பற்றி வேறு பேச வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனாலும் பத்தி என்றால் நாலு புள்ளிவிவரம் வேண்டுமாமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் பதினாலாயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2014-இல் ஒரு முடிவை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதிய உடலசைவு இல்லை, அதிலும் பெண்கள் நிலை மோசம். அதைவிட என்னைச் சுட்டது இன்னொரு விவரம். வேலைக்காக இல்லாமல், வண்டிக்காசு மிச்சம் பிடிக்கவும் இல்லாமல், மனசுக்குப் பிடித்து உடம்பை அசைக்கிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்துவிட்டது. விளையாட்டை யாரும் வீடு தேடிக் கொண்டுவந்து தர முடியாது.

"நாள் முழுக்க உழைக்கிற சனத்துக்கு எதுக்குங்க உடற்பயிற்சி?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ச் சிற்பப் பட்டறையில் போய்ப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாகைக் கட்டையைக் காலால் அணைத்துப் பிடித்து, ஒரு கையில் உளி, ஒரு கையில் கொட்டாப்புளி. விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் அதே குனிவு, அதே தோள். களை எடுக்கிற பெண்ணும் அப்படித்தான், தையல் மிஷினில் உட்காருகிற பெண்ணும் அப்படித்தான். உடம்பில் ஒரு பக்கம் தேய்கிறது, இன்னொரு பக்கம் துருப்பிடிக்கிறது. கும்மியில் பக்கவாட்டில் அடி வைக்கிறோம், பின்னால் போகிறோம், ஒற்றைக் காலில் கனத்தை வாங்கித் திரும்புகிறோம். நடையில் இதெல்லாம் கிடையாது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் விழாமல் இருக்க வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் நிலைப்பைப் பழக்குகிற பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றபடி பெரியவர்கள் எல்லாருக்கும் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி. வாரத்தில் ஐந்து சாயங்காலம், அரை அரை மணி நேரம் ஆடினால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். எங்கள் கூட்டத்தில் அரை மணியில் யாரும் வீடு திரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

மூளைக்கும் வேலை உண்டு. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்து வந்த மருத்துவர்கள் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடம்பை அசைக்கிற பொழுதுபோக்குகளில் நடனம் ஆடியவர்களுக்கு மட்டும் ஞாபகமறதி நோய் குறைவாக வந்திருந்தது. அவர்கள் ஆடியது கும்மி இல்லை. ஆட்டத்தால்தான் நோய் வரவில்லையா, மூளை நன்றாக இருந்ததால்தான் ஆட முடிந்ததா என்பதையும் அந்தக் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: எட்டாவது அடவிலிருந்து ஒன்பதாவதுக்குப் போகும்போது சிலிண்டர் பதிவு பண்ணியாச்சா என்ற நினைப்புக்கு இடமில்லை. நடக்கும்போது அந்த நினைப்பு கூடவே நடந்து வரும்.

நாலு ஜாக்கிரதை வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம், ரெண்டு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு மண்ணில் இறங்கக் கூடாது. முள் குத்தினது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். மூட்டு வலிக்காரர்கள் குதிக்கிற அடவைக் குதிக்காமல் வைத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சிமெண்டுத் தரையைவிட மண் தரை மேல். நெஞ்சு வலி வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரவே வேண்டாம்.

இனி எனக்குப் பிடிக்காதது. கும்மி திரும்பி வந்த கையோடு சாதியும் கூட வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. 2024-இல் கொங்குப் பக்கத்துக் கும்மி மேடை ஒன்றில், ஆட வந்த பெண்பிள்ளைகளைச் சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று உறுதிமொழி சொல்லவைத்த வீடியோ ஊரெங்கும் சுற்றியது. அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது என்ன கதை? தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண்ணைத் தேடி வேஷம் மாறி வந்த முருகன் கதை. அப்பா அம்மாவைக் கேட்டா அந்தக் காதல் நடந்தது? அதைப் பாடிவிட்டு இந்த உறுதிமொழி எடுக்க எப்படி நாக்கு வந்ததோ. எங்கள் வட்டத்திலும் ஆரம்பத்தில் 'நம்ம ஆளுங்க மட்டும் போதுமே' என்று ஒரு பேச்சு எழுந்தது. சத்துணவு அக்காதான் முடித்துவைத்தார்: "அப்படின்னா வட்டம் கட்ட ஆளு பத்தாது." தத்துவம் எதுவும் பேசவில்லை, கணக்கைச் சொன்னார். மறுநாள் அடுத்த தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள்.

நடைக்கும் ஜிம்முக்கும் இல்லாத பலம் வட்டத்துக்கு இருப்பதும் இந்த ஆள் கணக்கால்தான். ஒருத்தர் வராவிட்டால் அங்கே ஒரு சந்து விழுகிறது, பக்கத்தில் இருப்பவர் எட்டித் தட்ட வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்குள் போன் வந்துவிடும். ஒரு நாள் நான் தலைவலி என்று படுத்திருந்தபோது வந்தது, "தலைவலின்னா என்ன, கால் நல்லாத்தான இருக்கு" என்று.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடுகிறது. வாத்தியாருக்கு அரங்கேற்றம் செய்துவிட வேண்டும் என்று ஆசை. கோயில் முன்னால், மைக் செட்டு, ஜமாப், ஒரே நிறச் சேலை, வீடியோக்காரர். நான் வேண்டாம் என்கிறேன். கும்மியை மேடையும் சாதனைக் கணக்கும் தின்றுகொண்டிருப்பதாக எனக்கு ஒரு பயம். அரங்கேற்றத்துக்குப் பழகுகிறவர்கள் அரங்கேற்றம் முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள், அடுத்த வாரம் சாயங்காலம் மைதானம் காலி. எடை கூடியவர்களும் அடவு தப்புகிறவர்களும் மேடை என்றதும் தானாக ஒதுங்கிக்கொள்வார்கள். யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களே வெளியே போவார்கள். இதையெல்லாம் நான் நீட்டி முழக்கிச் சொன்னேன். தையல் தங்கச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பேப்பர்ல எழுதறீங்க, உங்க பேரு அச்சுல வருது. எங்களுக்கு ஒரு நாளாச்சும் மைக்குல பேரு சொல்லட்டுமே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தேதி இன்னும் குறிக்கவில்லை. அடவு தப்புகிறவர் யாரையும் ஒதுக்கக் கூடாது, அரங்கேற்றத்துக்கு மறுநாளும் பழக்கம் உண்டு என்று ரெண்டு நிபந்தனை மட்டும் போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறேன். சேலை மொத்தமாக எடுத்தால் இளம்பிள்ளையில் விலை படியும் என்கிறார்கள். நிறத்தில்தான் தகராறு. பெரும்பான்மை மாம்பழ மஞ்சள் பக்கம் இருக்கிறது.