நரைத்த தலை பொம்மை வீடு கட்டலாமா?

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பொம்மை வீடு கட்டுகிறார். ஊர் என்ன சொல்லும்?

"வயசுக்கு ஏற்ற புத்தி இல்லை" என்று சொல்லும்.

"ஏங்க, நீங்க என்ன சின்னப் பிள்ளையா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள்.

கேட்கட்டும். பெரியவர்களுக்கும் விளையாட்டு வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடைகளில் பல நிறப் பிளாஸ்டிக் கட்டைகள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டையின் தலையில் சிறு குமிழ்கள் இருக்கும். அதன்மேல் இன்னொரு கட்டையை வைத்து அமுக்கினால், "டக்" என்று பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம். ஆணி வேண்டாம். வீடு, ரயில், கப்பல், கோபுரம், எது வேண்டுமானாலும் கட்டலாம். இவற்றில் பெயர் பெற்றது 'லெகோ'.

குழந்தைகளுக்காக வந்த இந்தக் கட்டையைப் பெரியவர்களும் வாங்குகிறார்கள். தங்களுக்காகவே வாங்குகிறார்கள்! 2020-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியே, சில பெட்டிகளின் மேல் "18 வயதுக்கு மேல்" என்று அச்சிட்டு விற்க ஆரம்பித்தது.

தச்சர் தந்த பொம்மை

லெகோ பிறந்தது டென்மார்க் நாட்டில், பில்லுண்ட் என்ற சிற்றூரில். ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்பவர் அங்கே தச்சு வேலை செய்துவந்தார். உலகம் எங்கும் பொருளாதார நெருக்கடி. வீடு கட்டுவோர் குறைந்தனர். வேலை இல்லை. 1932-ல் அவர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார்.

1934-ல் தமது பொம்மைகளுக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது.

1942-ல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. அவர் தளரவில்லை. மறுபடியும் கட்டினார். 1949-ல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஆனால், அவை இறுகப் பிடிக்கவில்லை. 1958 ஜனவரி 28-ந் தேதி, அவருடைய மகன் காட்பிரட் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். கட்டையின் உள்ளே சிறு குழாய்களை வைப்பதுதான் அந்த முறை. அதன் பிறகு கட்டைகள் உறுதியாக நின்றன.

1958-ல் செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் ஒன்றோடு ஒன்று பொருந்தும். தாத்தா வைத்திருந்த கட்டையின் மேல் பேரன் மாடி கட்டலாம்!

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் போதும். அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம்.

நம் வீட்டுக் கொலு

"இது வெள்ளைக்காரன் விளையாட்டு. நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள், நவராத்திரியில் ஆதம்பாக்கத்துத் தெருக்களுக்கு வரட்டும். கொலு வைத்திருக்கும் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கட்டும்.

படிகளின் கீழே, தரையில் ஒரு 'பார்க்' இருக்கும். மண்ணைப் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவியிருப்பார்கள். அது முளைத்தால் புல்தரை. கண்ணாடித் துண்டு வைத்தால் குளம். அட்டைப் பெட்டியில் ஜன்னல் வெட்டினால் வீடு.

இதையெல்லாம் செய்கிறவர்கள் யார்? அம்மா, பாட்டி, அத்தை! எல்லாரும் பெரியவர்கள். மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய், ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிச் சேர்க்கிறார்கள். அவர்களை யாராவது கேலி செய்கிறார்களா? கொலுவில் பக்தி இருக்கிறது. அதோடு விளையாட்டும் இருக்கிறது. ஒன்பது நாள் நல்லதாக இருப்பது, மற்ற நாட்களில் எப்படிக் கெட்டதாகும்?

பெட்டியைப் பூட்டாதீர்கள்

ஆனால், எல்லாருக்கும் காட்டத்தான் கொலு வைக்கிறோம். பக்கத்து வீட்டாரை அழைத்துச் சுண்டல் கொடுக்கிறோம். லெகோ சேர்ப்பவர்களில் சிலரோ பெட்டியைப் பிரிப்பதே இல்லை. "நாளைக்கு விலை ஏறும்" என்று பூட்டி வைக்கிறார்கள்.

தாஜ்மகாலின் கதையைக் கேளுங்கள். 5,922 துண்டுகளில் தாஜ்மகால் கட்டும் பெட்டி ஒன்று 2008-ல் வந்தது. விற்பனை நின்றதும், பழைய பெட்டிகளின் விலை பல மடங்கு ஏறியது. 2017-ல் என்ன நடந்தது? கம்பெனி அதே தாஜ்மகாலை மறுபடியும் வெளியிட்டது. பழைய பெட்டியின் விலை சரிந்தது.

தாஜ்மகாலைக் கட்டிப் பார்த்தவருக்கு நஷ்டம் இல்லை. அவர் மகிழ்ந்துவிட்டார். பூட்டி வைத்தவருக்குப் பணமும் போயிற்று; விளையாட்டும் போயிற்று.

சிக்கனம் வேண்டும்

பெரிய பெட்டிகளின் விலை பல ஆயிரம் ரூபாய். வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரியை 2020-ல் அரசு 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக உயர்த்தியது. பள்ளிக்கூடக் கட்டணமும் வாடகையும் கட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில்தான் பொம்மை வாங்க வேண்டும். கடன் வாங்கி வாங்குவது பொழுதுபோக்கு அல்ல. சிறு பெட்டி ஒன்று போதும். கட்டுங்கள், கலையுங்கள், வேறொன்று கட்டுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் கவனம் தேவை. சிறு துண்டுகளை விழுங்கிவிடும். வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு வாங்கும் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கணவர் கூடத்தில் கோட்டை கட்ட, மனைவி அடுப்படியில் தனியாக வேகலாமா? அது நியாயம் அல்ல. இருவரும் சேர்ந்து சமையலை முடியுங்கள். பிறகு எல்லாரும் ஒரே பாயில் உட்காருங்கள்.

இரண்டு கையும் கட்டையில் இருந்தால், செல்போன் தானாகக் கீழே போகும். அப்பா தப்பாக அடுக்கியதை மகள் திருத்துவாள். அம்மா ஜன்னல் வைப்பாள். பாட்டி வாசலில் கோலம் எங்கே என்று கேட்பாள்.

பொம்மை வீடு சிறியதுதான். ஆனால், அதைக் கட்டும் நேரத்தில் குடும்பம் முழுவதும் ஓர் இடத்தில் இருக்கிறதே, அதற்கு விலை உண்டா?