"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பது தீர்வு இல்லை தோழரே!



வேலை செய்யும் இடத்தில் தகராறு என்றால் இப்போ ஹெச்.ஆர். சொல்லும் மருந்து ஒண்ணுதான்: "பொறுமையா பேசு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." பக்கத்து சீட்டுக்காரரோடு மனஸ்தாபம் என்றால் சரி, ஒரு டீயோட முடிஞ்சிடும். ஆனா ஓவர்டைம் காசு வரலை, காரணம் சொல்லாம வேலையை விட்டு அனுப்புறாங்க என்றால்? அது மனஸ்தாபம் இல்லை, உரிமைப் பிரச்சனை.

நம்ம திருச்சிக்கு இது புதுசு இல்லை. 1928-ல் தென்னிந்திய ரயில்வேயின் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். தோழர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலை சங்கத்திடலில் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் உயிர்த்தியாகம் செய்தார்கள். பேச வேண்டிய இடத்தில் துப்பாக்கியை நீட்டினார்கள்.

இப்படி நாடு முழுக்க நடந்த போராட்டங்களுக்கு நடுவில்தான் 1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தது. சமரச அதிகாரி, தொழிலாளர் நீதிமன்றம் எல்லாம் முதலாளி மனசு இரங்கி கொடுத்த சலுகை இல்லை.

2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் போராடினார்கள். முடிந்தது பேச்சுவார்த்தையில்தான். ஆனா நிர்வாகத்தை அங்கே உட்கார வைத்தது தொழிலாளர் ஒற்றுமை.

2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கு. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாம எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டாலே அதுவும் வேலைநிறுத்தமாம்! இதை எதிர்க்கிறோம், எதிர்ப்போம். அதே நேரம் கையில் இருக்கும் வழியையும் விடக்கூடாது:

👉 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். இரு தரப்புக்கும் சம இடம்.
👉 பிரச்சனை நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 30 நாளில் விசாரித்து முடிக்கணும்.
👉 10 பேருக்கு மேல் இருந்தால் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு வேணும்.
👉 கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும். 2021-லேயே தமிழ்நாடு சட்டம் திருத்தியாச்சு.

என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடைக்கோ, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத் தெருக் கடைக்கோ அடுத்த முறை போனால் பாருங்க. நாள் முழுக்க நிற்கிற அக்காவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கா? இல்லைன்னா கடைக்காரரிடம் கேளுங்க. வாடிக்கையாளர் கேட்டால் மதிப்பு அதிகம்.

நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் நண்பர்களே, "நாம எல்லாம் ஸ்டாஃப், தொழிலாளி இல்லை" என்று நினைக்காதீங்க. பணிநீக்கக் கடிதம் வரும் நாளில் அந்த வித்தியாசம் ஒண்ணும் காப்பாத்தாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புலம்புவதை விட்டுட்டு தேதி போட்டு எழுத்தில் புகார் கொடுங்க, நகல் வைத்துக்கொள்ளுங்க, பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்க.

தனியா கேட்டால் புகார். சேர்ந்து கேட்டால் கோரிக்கை!

பொன்மலை தியாகிகளுக்கு செவ்வணக்கம் ✊

#பொன்மலைதியாகிகள் #தொழிலாளர்உரிமை #திருச்சி