பால்கனியை அடைக்காதீங்க மக்களே!

செம்பூரில் சொந்த ஃப்ளாட் வாங்கியதும் நானும் தங்கமணியும் செய்த முதல் காரியம், பால்கனியை அடைத்ததுதான். சுற்றிலும் அலுமினிய ஸ்லைடிங் கண்ணாடி, ஓரமாக ஒரு சோஃபா, மேலே ஏ.சி. 'சன்ரூம்' என்று பெயரும் வைத்தாச்சு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்றார்கள்.

அப்புறம் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தார். ஊரில் திண்ணை, முற்றம், மொட்டைமாடி என்று புழங்கியவர். இங்கே அந்த சோஃபாதான் அவருக்குத் திண்ணை. தினமும் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உட்காருவார். ஒன்றரை வருஷத்தில் உடம்பெல்லாம் வலி. ரத்தப் பரிசோதனை செய்தால் வைட்டமின் டி பாதாளத்தில் இருக்கிறது. "இவ்வளவு நேரம் வெயில்லதானேடா உட்கார்றேன்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் தோல் வைட்டமின் டி தயாரிக்க புற ஊதா 'பி' கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் மட்டும் உள்ளே வரும். வந்த சூடு லேசில் வெளியே போகாது. குளிர்நாட்டுக்காரனுக்கு அந்தச் சூடுதான் தேவை, அதனால் கண்ணாடி அறை கட்டுகிறான். மும்பைக்கு எதற்கு? நான் காசு கொடுத்து ஒரு அடுப்பைக் கட்டி, அதைக் குளிரவைக்க ஏ.சி.யும் போட்டிருக்கிறேன்!

தாராவி 90 அடி ரோடு பக்கம் ஒரே அறையில் வளர்ந்த திருநெல்வேலி நண்பர் ஒருவர், எங்கள் சன்ரூமைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எங்க சந்துக்குள்ள வெயிலு வராதான்னு நாங்க கெடந்தோம். நீங்க துட்டு குடுத்து அடைச்சு வச்சிருக்கியளே!" சுருக்கென்றது.

இந்த ஊருக்கு வெயில், காற்றின் அருமை தெரியாமல் இல்லை. 1896இல் பிளேக் வந்து ஊரையே உலுக்கியது. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாதுங்காவில் அகலத் தெருவும் தோட்டமுமாக மனை பிரித்தது அந்த டிரஸ்ட்தான். அதன் சேர்மனாக இருந்த ஓர், 63½ டிகிரி விதி என்று ஒன்றை வலியுறுத்தினார். எளிமையாகச் சொன்னால், எதிர்க்கட்டிடத்தின் உயரத்தில் பாதியளவாவது நடுவில் இடைவெளி வேண்டும். அப்போதுதான் தரைத்தள அறைக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

அதை மறந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் செம்பூருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். எம் ஈஸ்ட் வார்டில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்ற மறுகுடியேற்றக் குடியிருப்புகளில் கட்டிடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வெயிலும் காற்றும் குறைந்த வீடுகளுக்கும் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அங்கே நடந்த ஆய்வு ஒன்று சொன்னது. அவர்களுக்கு வேறு வழி இல்லை. வழியிருக்கும் நாம் ஏன் அடைக்கிறோம்?

"மழை, தூசி, புறா எல்லாம் யார் பார்ப்பது?" என்றார் தங்கமணி. நியாயமான கேள்வி. நாங்கள் செய்தது இவ்வளவுதான். கண்ணாடியை எடுத்துவிட்டு புறா வலை கட்டினோம். வெயிலுக்கும் சாரலுக்கும் வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால் சூடு உள்ளே வந்த பிறகுதான் தடுக்கும், வெளியே போட்டால் வராமலே தடுக்கும். ஈரத்தை உறிஞ்சும் சோஃபா போய் இரண்டு பிரம்பு நாற்காலி வந்தது. துணி உலர்த்தக் கூரையில் கயிறு இழுத்து ஏற்றும் கொடி.

இன்னொன்று. ஹாலோடு மட்டம் சேர்க்கிறேன் என்று பால்கனித் தரையை மண்ணும் டைல்ஸும் போட்டு உயர்த்தாதீர்கள். பல பால்கனிகள் சுவரிலிருந்து நீட்டிய வெறும் ஸ்லாப்; அவ்வளவு பாரம் தாங்காது. ஊஞ்சல் மாட்டும் முன்பும் இன்ஜினியரைக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் அடைப்பதும் விதிமீறல்தான்.

காலை ஏழு மணி இளவெயில் சுகம்தான். ஆனால் அதில் அந்த 'பி' கதிர் ரொம்பக் குறைவு. எங்கள் பால்கனி தென்கிழக்குப் பார்த்தது. பத்தரை மணிக்கு அம்மா கொஞ்ச நேரம் வலைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருகிறார். டாக்டர் கொடுத்த மாத்திரையும் தொடர்கிறது, அதை நிறுத்தவில்லை. போன மார்ச்சில் முறத்தில் வத்தல் போட்டு, அதற்கு என்னைக் காவலும் வைத்தார்.

புது ஃப்ளாட் பார்க்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை சதுர அடி என்று கேட்பதற்கு முன்னால், எதிர்க்கட்டிடம் எவ்வளவு தூரம், பால்கனி எந்தத் திசை என்று கேளுங்கள். ஊரிலிருந்து அம்மா, அப்பாவை அழைத்து வரப்போகிறீர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள்.